கீ வெஸ்ட் தீவில் ஜூடி ப்ளூம் ஏன் புத்தகக் கடை வைத்தார்?

இங்கே கேட்கப்பட்டிருப்பவை இரண்டு கேள்விகள். சிறுவர்களுக்கு எழுதிப் பெரும்புகழ் அடைந்த ஜூடி ப்ளூம், எண்பதை நெருங்கும் வயதில் புத்தகக் கடை திறந்தது தம் நூல்களை விற்றுக்கொள்ளத்தானா என்பது முதல் கேள்வி. அமெரிக்கர்கள் ‘இண்டி’, அதாவது தனித்து இயங்கும், புத்தகக் கடை என்று பெருமையாகச் சொல்வது வெறும் சிறிய கடையைத்தானா, அல்லது அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. அவருடைய நூல்கள் உலகெங்கும் ஒன்பது கோடிப் பிரதிகள் விற்றிருப்பதாகப் பதிப்புத் துறையில் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கில், புளோரிடாவின் தென்கோடியில் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் வாழும் ஒரு தீவின் தெருமுனைக் கடை எந்த மாற்றத்தையும் செய்துவிடாது. அதோடு, அந்தக் கடை லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. ஆண்டு முடிவில் ஏதேனும் மிஞ்சினாலும் அது கடைக்கே திரும்புமே தவிர அவர் கைக்குப் போகாது. அப்படியானால் ஏன் வைத்தார் என்பதற்கு விடை தேட, கடையிலிருந்து அல்ல, அவர் வாசகியான கதையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ப்ளூம் 1938-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில் பிறந்தவர். தந்தை பல் மருத்துவர்; தாய் வீட்டைக் கவனித்துக்கொண்டு, பிற்பகல்களில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடும் வாசகி. தாய் மகளை நகர நூலகத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கே எடுத்த ‘மேடலின்’ என்ற படக்கதை நூல் சிறுமிக்கு மிகவும் பிடித்துப்போய், அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டார். உலகத்தில் அந்த நூலுக்கு இருப்பது அந்த ஒரே பிரதிதான் என்று அப்போது நம்பியதாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நூலகத்தார் எத்தனை பேர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார்களோ, எத்தனை பேர் நெற்றியைச் சுருக்கினார்களோ! ஆனால் ஒரு புத்தகம் குழந்தையின் உடைமையாகிவிடும் கணம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வாசிப்பு நல்ல பழக்கம் என்று யாரும் அந்தக் குழந்தைக்குப் போதித்திருக்கவில்லை. அந்தப் புத்தகம் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு அலமாரியில் இருந்த நூல்களில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பெற்றோர் கண்டிப்புக் காட்டவில்லை. ஜான் ஓஹாரா எழுதிய, பெரியவர்களுக்கான ஒரு நாவலை மட்டும் இப்போது வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அந்த நாவலைத் தேடி ப்ளூம் நூலகத்துக்குப் போனார். பெற்றோரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் தர முடியாது என்று அங்கே மறுத்துவிட்டார்கள். செய்தி கேட்ட உறவுப் பெண்மணி ஒருவர் கோபப்பட்டுத் தம்மிடமிருந்த பிரதியையே எடுத்துக் கொடுத்தார். தணிக்கை பற்றித் தாம் எழுதிய ஒரு முன்னுரையில் ப்ளூம் இதை நினைவுகூர்கிறார். ஒருவர் மறுத்த புத்தகத்தை இன்னொருவர் நம்பிக் கையில் கொடுத்தார் என்பதே இந்தச் சம்பவத்தின் சாரம். கடைக்காரராகவும் அவர் செய்தது இதையேதான்.

எழுத்துக்கு அவர் வந்தது இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களுக்கு எழுதுவது பற்றிய மாலை வகுப்பில் சேர்ந்தார். 1969-இல் முதல் நூல் வந்தது. அடுத்த திருப்பம் ‘பிராட்பரி பிரெஸ்’ என்ற, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த மிகச் சிறிய பதிப்பகம். ரிச்சர்ட் ஜாக்சன், ராபர்ட் வெரோன் என்ற இருவர் 1968-இல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்துக்குப் பெரிய பெயர்கள் எவரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. எனவே புதியவர்களின் கைப்பிரதிகளைப் பொறுமையோடு படித்தார்கள். ஜாக்சன் ப்ளூமின் கைப்பிரதியில் குறைகளோடு ஒரு குரலும் இருப்பதைக் கண்டு, உட்கார்ந்து பேசித் திருத்த வைத்தார். பெண்பிள்ளை பருவமடைவதையும் கடவுளோடு தனியாகப் பேசிக்கொள்வதையும் வெளிப்படையாகச் சொல்லும் ‘கடவுளே, இருக்கிறீர்களா? நான்தான் மார்கரெட்’ என்ற நாவல் 1970-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. பெரிய நிறுவனத்தில் நான்கு மேசைகளைத் தாண்டி வர வேண்டியிருந்தால் அந்நாவல் எந்த மேசையில் நின்றுபோயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ப்ளூமுக்குத் தனித்து இயங்கும் சிறிய அமைப்புகளோடு உள்ள உறவு, ஆக, கடை திறந்தபோது தொடங்கியதன்று. எழுத்தாளராக அவரை உருவாக்கியதே அப்படி ஓர் அமைப்புதான்.

நூல் வெளிவந்ததும் தம் குழந்தைகள் படித்த பள்ளிக்கு மூன்று பிரதிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். மாதவிடாய் பற்றிப் பேசுகிறது என்பதற்காகத் தலைமையாசிரியர் அவற்றை நூலகத்தில் வைக்க மறுத்துவிட்டார். அந்தப் பள்ளியில் அந்த வயதுச் சிறுமியர் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். 1980-களில் இத்தகைய நூல்களுக்கான எதிர்ப்பு அமைப்பாகத் திரண்டது. 1990 முதல் 1999 வரை அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூறு நூல்களென்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் ப்ளூமின் நூல்கள் மட்டும் ஐந்து. மறுபக்கம், பிள்ளைகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன: பெற்றோரிடம் கேட்க முடியாததை, ஆசிரியரிடம் சொல்ல முடியாததை ஒரு முன்பின் தெரியாத எழுத்தாளருக்கு எழுதினார்கள். 1986-இல் அவற்றிலிருந்து தேர்ந்து ஒரு நூலே வெளியிட்டார். இவ்வளவு கடிதங்களைப் படித்தவருக்கு, ஒரு பிள்ளை எந்தப் புத்தகத்தை எந்தச் சங்கடத்தோடு தேடி வருகிறது என்பது வேறு எந்தக் கடைக்காரரையும்விட நன்றாகவே தெரிந்திருக்கும்.

இனிக் கடைக்கு வருவோம். கீ வெஸ்ட், அமெரிக்காவின் முதல் எண் நெடுஞ்சாலை முடியும் இடம். மயாமியிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர், தீவுக்குத் தீவு பாலம் தாண்டிப் போக வேண்டும். அங்கிருந்து கியூபாவின் ஹவானா அதைவிடப் பக்கம். ஹெமிங்வே 1930-களில் வாழ்ந்த ஊர், டென்னசி வில்லியம்ஸ் வீடு வைத்திருந்த ஊர், ஆண்டுதோறும் இலக்கியக் கருத்தரங்கு நடக்கும் ஊர். ஆனால் சுற்றுலாவால் வாடகை விண்ணைத் தொடும் அத்தகைய ஊரில் பனியனும் மதுவும் விற்றுப் பிழைக்கலாம். புத்தகம் விற்றுப் பிழைப்பது கடினம். ப்ளூமும் அவர் கணவர் ஜார்ஜ் கூப்பரும் மயாமி வட்டாரத்தில் ‘புக்ஸ் அண்ட் புக்ஸ்’ கடைகளை நடத்திய மிட்செல் கப்லானிடம், எங்கள் தீவிலும் ஒரு கிளை வையுங்கள் என்று நெடுநாள் கேட்டுப் பார்த்தார்கள். கப்லான் 1982-இல் கோரல் கேபிள்ஸில் முதல் கடையைத் திறந்து, புத்தக வணிகத்தின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் பார்த்தவர். தீவில் கணக்குக் கட்டுப்படியாகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டுப்படியாக்கியது ஒரு மூன்றாம் தரப்பு. ‘தி ஸ்டூடியோஸ் ஆஃப் கீ வெஸ்ட்’ என்ற கலை அமைப்பு ஈட்டன் தெருவில் ஒரு பழைய, பெரிய கட்டடத்துக்கு இடம் மாறியது. அதன் தரைத்தளத்தின் தெருமுனைப் பகுதியில் கடைக்கு இடம் கிடைத்தது. இடம் கலை அமைப்புடையது. நூல்களைத் தருவிக்கும் அனுபவமும் பெயரும் கப்லானுடையவை. உழைப்பு ப்ளூம், கூப்பர் இருவருடையதும் உள்ளூர்த் தன்னார்வலர்களுடையதும். 2016 தொடக்கத்தில் கடை திறந்தது; அந்த ஆண்டில் ப்ளூமுக்கு 78 வயது நிறைந்தது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை. பெட்டி பிரித்தார், அலமாரியில் அடுக்கினார், தூசி தட்டினார், கல்லாவில் நின்றார். மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த மூதாட்டியிடமே, “ஜூடி ப்ளூம் எப்போதாவது இங்கே வருவாரா?” என்று கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்து போவது எளிது. ‘இண்டி’ என்பது கடையின் பரப்பளவைக் குறிக்கும் சொல் அன்று; எந்த நூலை வாங்கி எங்கே வைப்பது என்று முடிவெடுப்பவர் யார் என்பதைக் குறிக்கும் சொல். ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்தும் தொடர் கடைகளில் அந்த முடிவு தலைமையகத்தில் எடுக்கப்படும். முகப்பு மேசையில் வைப்பதற்குப் பதிப்பகங்கள் கட்டணம் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. தனிக்கடையில் முடிவெடுப்பவர் அந்த ஊரில் வாழ்கிறார். வாங்க வருபவரின் முகம் அவருக்குத் தெரியும். நம்மிடையே சிறுபத்திரிகைக்கும் வெகுஜனப் பத்திரிகைக்கும் உள்ள வேறுபாடு பக்க எண்ணிக்கையில் இல்லை என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. குழப்பம் அங்கேதான் வருகிறது. தம் நூலைத் தாமே அச்சிட்டு வெளியிடும் எழுத்தாளரையும் ‘இண்டி’ என்பார்கள். அதற்குச் சிறுவர் இலக்கியத்தில் மதிப்புமிக்க மரபு இருக்கிறது: பீட்ரிக்ஸ் பாட்டர் தம் முயல் கதையைப் பதிப்பகங்கள் ஏற்காதபோது 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார், மறு ஆண்டுதான் வார்ன் பதிப்பகம் அதை வண்ணத்தில் வெளியிட்டது. ஆனால் இன்றைய தனிக்கடைக்காரர்கள் தானே வெளியிடும் எழுத்தாளர்களை எல்லா நேரமும் கைகுலுக்கி வரவேற்பதில்லை. அவர்கள் மனம் குறுகியவர்கள் என்பதல்ல காரணம், கணக்கு அப்படி. பதிப்பக நூல் விற்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. கேட்கும்போது மட்டும் அச்சாகும் சுயவெளியீட்டு நூல்கள் பலவற்றைத் திருப்ப முடியாது, கடைக்குக் கிடைக்கும் விலைக்கழிவும் குறைவு. அதிலும் கடைக்காரரின் பெரும் போட்டியாளரான அமேசான் வழியாகவே அச்சிட்ட நூலைக் கொண்டுவந்து, இதை உங்கள் அலமாரியில் வையுங்கள் என்று கேட்டால் அவர் முகம் எப்படி மலரும்?

கழிவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தனிக்கடைகளைப் பற்றிய கற்பனை அழகான பேச்சுகள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. இருபது டாலர் விலை அச்சிட்ட ஒரு நூலைப் பதிப்பகம் ஏறக்குறைய நாற்பது முதல் நாற்பத்தாறு விழுக்காடு கழித்துக் கடைக்குத் தரும். எட்டு அல்லது ஒன்பது டாலர் கடைக்கு. அதில் வாடகை, சம்பளம், மின்சாரம், திருடுபோனவை, கசங்கியவை எல்லாம் போனால் மிஞ்சுவது சொற்பம். பெரிய இணையக் கடை அதே நூலைப் பதின்மூன்று டாலருக்குத் தரும்போது, வாடிக்கையாளர் தனிக்கடையில் கூடுதலாகக் கொடுக்கும் ஏழு டாலர் நூலுக்கு அல்ல. அந்த இடம் அங்கே இருப்பதற்கு. இது எல்லோராலும் முடியும் காரியம் அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தும் தனிக்கடைகள் பிழைத்தது விந்தை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ரயன் ராஃபேலி செய்த ஆய்வின்படி, அமேசான் தொடங்கிய 1995 முதல் 2000 வரை அமெரிக்காவின் தனிக்கடைகள் 43 விழுக்காடு குறைந்தன. 2009-இல் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் கணக்கில் 1,651 கடைகள் இருந்தன, 2018-இல் 2,470. இடையில் 2011-இல் ‘பார்டர்ஸ்’ என்ற மாபெரும் தொடர் நிறுவனம் மிஞ்சியிருந்த 399 கடைகளையும் மூடிவிட்டுப் போனது. பெரிய மரம் சாய்ந்தபோது அதன் நிழலில் வாடிய செடிகளுக்கு வெயில் கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் வெயில் மட்டும் போதாது. ராஃபேலி சுட்டும் காரணங்கள் மூன்று: ஊரோடு கொண்ட உறவு, தேர்ந்தெடுத்து அடுக்கும் திறன், ஆட்களைக் கூட்டும் நிகழ்ச்சிகள். இவற்றில் இரண்டாவதுதான் தொழிலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன்.

சிறுவர் நூல் விற்பனையில் அந்தத் திறன் இன்னும் நுட்பமானது. ஏனெனில் காசு கொடுப்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். “ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள்” என்று பாட்டி ஒருவர் வந்து கேட்பார். அனுபவமில்லாத விற்பனையாளர் ஒன்பது வயது என்று எழுதியிருக்கும் அலமாரிக்குக் கூட்டிப்போவார். அனுபவமுள்ளவர், அவன் கடைசியாக எதை விரும்பிப் படித்தான், எதைப் பாதியில் வைத்துவிட்டான் என்று கேட்பார். பாதியில் வைத்தது எது என்ற கேள்விதான் அதிகம் பயன்படும். பிள்ளையே கூட வந்திருந்தால் பெரியவரை விட்டுப் பிள்ளையிடம் பேசுவார். விற்பனையாளர் தாமே படித்த நூலைக் கையில் எடுத்துக் கொடுத்து, அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லி விற்பதற்கு அமெரிக்கத் தனிக்கடைக்காரர்கள் ‘ஹேண்ட் செல்லிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கைப்பட விற்பது. இதைச் செய்ய விற்பனையாளர் ஓயாமல் படிக்க வேண்டும். வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்னரே பதிப்பகங்கள் அனுப்பும் முன்பிரதிகளைப் படித்து, பிடித்தவற்றுக்குப் புத்தக விற்பனையாளர் சங்கத்துக்குப் பரிந்துரை எழுதி அனுப்புவார்கள். நாடெங்கும் உள்ள கடைகளிலிருந்து வரும் பரிந்துரைகள் சேர்ந்து மாதந்தோறும் ஒரு பட்டியலாகும். பெயர் தெரியாத புது எழுத்தாளர் ஒருவருடைய நூல் மேலே வருவதற்கு இந்தப் பட்டியல் பெரிய வழி. புத்தகச் சமூகம் என்று பேசப்படுவது விழா மேடையைவிட இந்தக் கண்ணுக்குத் தெரியாத படிப்பு வேலையில்தான் அதிகம் இருக்கிறது.

கடை வைத்த சிறுவர் எழுத்தாளர் ப்ளூம் ஒருவர் மட்டும் அல்லர். சிறுவர்களுக்காகவும் எழுதியிருக்கும் லூயிஸ் எர்ட்ரிக் மினியாபொலிஸில் 2001-இல் ‘பர்ச்பார்க் புக்ஸ்’ கடையைத் திறந்து, அமெரிக்கப் பூர்வகுடிகளின் எழுத்துகளுக்கு அதை ஓர் இல்லமாக்கினார். தேவாலயத்துப் பாவமன்னிப்புக் கூண்டு ஒன்று அக்கடையின் உள்ளே நிற்கிறது. ‘விம்பி கிட்’ நாட்குறிப்புத் தொடரை எழுதும் ஜெஃப் கின்னி, மாசசூசெட்ஸில் தாம் வாழும் பிளெயின்வில் என்ற சிற்றூரின் நடுவே பாழடைந்து கிடந்த பழைய மளிகைக் கடை இடத்தில், 2015 மே மாதம் மூன்று மாடிக் கட்டடமாக ‘ஆன் அன்லைக்லி ஸ்டோரி’ கடையை எழுப்பினார். ஆனால் எழுத்தாளர் வைத்த கடைகளை மாதிரியாகக் காட்டி, மற்றவர்களும் இப்படிச் செய்யலாமே என்பது நியாயம் அன்று. கின்னியின் செல்வமும் ப்ளூமின் பெயரும் இல்லாத சாதாரணக் கடைக்காரர்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. எழுத்தாளர்களில் பெரும்பாலோருக்கு ஏற்றது 2013 நவம்பரில் தொடங்கிய வழக்கம்: ஆண்டில் ஒரு சனிக்கிழமை, எழுத்தாளர்கள் தங்கள் ஊர்த் தனிக்கடையில் விற்பனையாளராக நின்று, தங்கள் நூலை விட்டுப் பிறர் நூல்களைப் பரிந்துரைப்பார்கள். ப்ளூம் அந்த ஒரு நாள் வேலையை வாரம் முழுவதற்கும் நீட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளோரிடாவில் கடை இருப்பதற்குத் தனிப் பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. 2022–23 கல்வியாண்டில் பள்ளிகளிலிருந்து நூல்கள் நீக்கப்பட்ட 1,406 நிகழ்வுகளை, எழுத்துச் சுதந்திரத்துக்காகப் பாடுபடும் பென் அமெரிக்கா அமைப்பு அந்த ஒரு மாநிலத்தில் பதிவு செய்தது. வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. 1970-இல் மூன்று பிரதிகளோடு தொடங்கிய பிணக்கு அரை நூற்றாண்டு கழித்து அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பள்ளி நூலகத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் தனியார் கடையைக் கட்டுப்படுத்தா. பள்ளியில் எடுக்கப்பட்ட நூலை ஈட்டன் தெருவில் வாங்கலாம். ஆனால் வாங்க வேண்டும். இருபது டாலர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கடை நூலகத்துக்கு ஈடாகாது. ப்ளூம் சிறுவயதில் ஒளித்துவைத்த பிரதியும் காசு கொடுத்து வாங்கியது அன்று, எலிசபெத் நகர நூலகத்துடையது.